தாம்பரத்திலிருந்து ஓவியம் பார்க்க எந்த பஸ்?

சென்னையில் ஒரு ஓவியக் கண்காட்சிக்கு யாரையாவது கூப்பிட்டுப் பாருங்கள். யாருடைய ஓவியம், எத்தனை நாள் நடக்கும் என்பதெல்லாம் அப்புறம்தான். முதலில் வரும் கேள்வி: "பார்க்கிங் இருக்கா?"

இதை யாரும் வில்லத்தனமாகக் கேட்பதில்லை. நியாயமாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் இந்த ஒரு கேள்வி நம் அருங்காட்சியகங்களை என்ன செய்துகொண்டிருக்கிறது என்று கொஞ்சம் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். எங்கே புதிய கூடம் கட்டினாலும், பழைய கூடத்தை நீட்டினாலும், காலியாகக் கிடக்கும் மண்ணைத்தான் தோண்ட வேண்டும். காலியாகக் கிடக்கும் மண்ணில் ஏற்கனவே கார்கள் நிற்கின்றன. உடனே புகார் ஆரம்பிக்கிறது: கட்டடம் பெருசாகுது, கூட்டம் பெருசாகுது, வண்டி நிறுத்தும் இடம் மட்டும் சின்னதாகுது, இது என்ன திட்டமிடல்? நிர்வாகம் பதறுகிறது. வரைபடம் திருத்தப்படுகிறது. ஓவியங்களுக்கென்று யோசித்த இடத்தில் ஒரு பகுதி கார்களுக்குப் போகிறது.

இந்தப் புகாரைத் தலைகீழாகத் திருப்பிப் போட வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கட்சி. அருங்காட்சியகம் வளரும்போது பார்க்கிங் குறைந்தால் அதில் அழுவதற்கு ஒன்றுமில்லை. அழ வேண்டியது, கார் இல்லாதவர் அங்கே வந்து சேர வழியே யோசிக்கப்படவில்லை என்பதற்காக. தென்சென்னைப் புறநகரில், குறிப்பாகத் தாம்பரம் பக்கம் இருந்து பார்த்தால் இது பட்டவர்த்தனமாகத் தெரியும்.

*

முதலில் கணக்கு.

ஒரு காரை நிறுத்த, அது திரும்பி உள்ளே வர வழியும் சேர்த்து, நம் ஊர் நகரத் திட்டமிடலில் வைத்திருக்கும் அளவு திறந்த வெளியில் சுமார் 23 சதுர மீட்டர். அதாவது ஏறக்குறைய 250 சதுர அடி. கூவம் ஓரத்திலிருந்தும் நகரத்தின் மற்ற குடிசைப் பகுதிகளிலிருந்தும் தூக்கி வரப்பட்டவர்களுக்காக ஓஎம்ஆரில் கட்டப்பட்ட கண்ணகி நகரில், பழைய வீடுகள் பலவும் 200 சதுர அடியை ஒட்டியவை. ஒரு முழுக் குடும்பத்துக்கு அரசு ஒதுக்கிய இடத்தைவிட, அந்தக் குடும்பத்தால் வாங்கவே முடியாத ஒரு பொருள் இரண்டு மணி நேரம் சும்மா நிற்க நாம் கேட்கும் இடம் பெரிது. இதை எந்த அதிகாரியிடம் சொன்னாலும் சிரித்துக்கொண்டே கடந்துபோவார். விதிப்படிதான் சார் எல்லாம்.

ஆமாம், விதிப்படிதான். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-ஐ எடுத்துப் பாருங்கள். எந்த வகைக் கட்டடம், எவ்வளவு தளப்பரப்பு, அதற்கு எத்தனை கார், எத்தனை இருசக்கர வாகனம் என்று பட்டியல் இருக்கிறது. கட்டடம் பெரிதாகப் பெரிதாகப் பார்க்கிங்கும் பெரிதாக வேண்டும். வாசலிலிருந்து எத்தனை மீட்டரில் பஸ் ஸ்டாப் இருக்கிறது என்பதற்கு அப்படி ஒரு பட்டியல் கிடையாது. காருக்குச் சட்டம் இருக்கிறது, காலுக்கு இல்லை.

நூறு கார் நிற்க 2,300 சதுர மீட்டர் வேண்டும், அரை ஏக்கருக்கும் மேல். காருக்கு மூன்று பேர் என்று வைத்தால் வந்தவர்கள் முந்நூறு பேர். அதே முந்நூறு பேரை ஆறு பஸ் இறக்கிவிட்டுப் போய்விடும், நிற்கக்கூட இடம் கேட்காது. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கார் வைத்திருக்கும் வீடுகள் நூற்றுக்கு எட்டுக்கும் குறைவு. சென்னையில் இது கூடுதலாகவே இருக்கட்டும். அப்போதும் கார் இல்லாத வீடுகள்தான் பெரும்பான்மை. பெரும்பான்மைக்காகக் கட்டிய இடத்தின் முன்முற்றத்தைச் சிறுபான்மையின் இரும்புப் பெட்டிகளுக்குக் கொடுத்துவிட்டு, "மக்கள் ஏன் கலையை ரசிக்க வரமாட்டேங்கிறாங்க?" என்று கருத்தரங்கம் நடத்துகிறோம்.

அமெரிக்காவில் டொனால்ட் ஷூப் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். சென்ற ஆண்டுகளில், 2025-ல்தான் இறந்தார். இலவசப் பார்க்கிங்கின் விலை என்ன என்பது பற்றி 2005-ல் தலையணை மாதிரி ஒரு புத்தகம் எழுதினார். சாரம் எளிது. பார்க்கிங் ஒருபோதும் இலவசம் இல்லை. காரில் வந்தவர் கொடுக்காத காசை மற்றவர்கள் கொடுக்கிறார்கள், டிக்கெட் விலையில், வாடகையில், இல்லாமல்போன மரத்தில். பஸ்ஸில் வந்து டிக்கெட் எடுக்கும் கல்லூரி மாணவி, காரில் வந்தவரின் வண்டிக்கும் சேர்த்துத்தான் டிக்கெட் எடுக்கிறாள்.

*

இப்போது தாம்பரத்துக்கு வருவோம்.

2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி ஆனது. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்று நகராட்சிகளையும், சிட்லப்பாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலை என்று பேரூராட்சிகளையும் சேர்த்து எழுபது வார்டு. இந்த எழுபது வார்டில் வாழும் ஒருவருக்கு ஓவியமோ சிற்பமோ பார்க்கத் தோன்றினால் மூன்று பக்கம் போகலாம்.

ஒன்று, எழும்பூர் அரசு அருங்காட்சியகம். 1851-ல் தொடங்கியது. அமராவதிச் சிற்பங்களும் சோழர் காலச் செப்புத் திருமேனிகளும் இருக்கும் இடம். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் பத்து ரூபாயில் எழும்பூர், இறங்கி ஒரு நடை.

இரண்டாவது, ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம். 1966-ல் கே.சி.எஸ். பணிக்கர் முன்நிற்க, சென்னைக் கலைக் கல்லூரியைச் சேர்ந்த ஓவியர்களும் சிற்பிகளும் கடற்கரைச் சவுக்குத் தோப்புப் பக்கம் நிலம் வாங்கினார்கள். பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்ற காசு அது. எந்த ஜமீன்தாரும் எழுதி வைத்ததில்லை. கே. ராமானுஜம் தன் மைக்கோட்டுக் கனவுகளை வரைந்த இடம் அது. 2009-ல் அங்கேயே மெட்ராஸ் கலை இயக்கத்துக்கென்று ஒரு அருங்காட்சியகம் வந்தது.

மூன்றாவது, முட்டுக்காடு தக்ஷிணசித்ரா. 1996 டிசம்பரில் திறந்தார்கள். லாரி பேக்கர் வடிவமைப்பில் தொடங்கி, பத்து ஏக்கரில், மாநிலம் மாநிலமாக விரிந்துகொண்டே போன இடம்.

பின்னிரண்டும் ஈசிஆரில் இருக்கின்றன. சிக்கல் அங்கேதான். தென்சென்னைப் போக்குவரத்து முழுக்க வடக்கு தெற்காக ஓடுகிறது. ரயிலும் ஜிஎஸ்டி சாலையும் ஒரு கோடு, ஓஎம்ஆர் ஒரு கோடு, ஈசிஆர் ஒரு கோடு. மூன்றும் இணைகோடுகள். ஒரு கோட்டிலிருந்து இன்னொரு கோட்டுக்குக் கிழக்கு மேற்காகத் தாண்டுவதுதான் பாடு. மெட்ரோ இரண்டாம் கட்டமும் ஓஎம்ஆரில்தான் போகிறது, ஈசிஆருக்கு வரவில்லை. தாம்பரத்திலிருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர், அக்கரை என்று சுற்றினால் ஈஞ்சம்பாக்கம் வரையாவது பஸ்ஸில் ஒப்பேற்றிவிடலாம். முட்டுக்காடு என்றால் ஈசிஆரில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். இல்லையென்றால் வண்டலூர், கேளம்பாக்கம், கோவளம் என்று தெற்கே ஒரு பெரிய சுற்று. ஏறக்குறைய 30 கிலோமீட்டருக்கு அரை நாள். குழந்தையோடு, வெயிலில்.

தக்ஷிணசித்ராவில் இல்கல் நெசவாளர் வீடு ஒன்று இருக்கிறது. வட கர்நாடகத்தில் இருந்த வகை வீடு. கேரளத்தின் புதுப்பள்ளியிலிருந்து ஒரு சிரியன் கிறிஸ்தவர் வீடு இருக்கிறது. செட்டிநாட்டு வணிகர் வீடு இருக்கிறது. கதவு, தூண், உத்தரம் என்று பெயர்த்து, எண் போட்டு, லாரியில் ஏற்றி, இத்தனை நூறு கிலோமீட்டர் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். அது அசாத்தியமான உழைப்பு, கையெடுத்துக் கும்பிடலாம். அந்த வீட்டை அத்தனை தூரம் கொண்டுவர முடிந்தது. அனகாபுத்தூரில் ஒரு நெசவாளர் குடும்பம் இருக்கிறதே, அதை 30 சொச்சம் கிலோமீட்டர் கொண்டுவர நம் அரசுப் போக்குவரத்தால் முடியவில்லை. நெசவாளர் வீட்டை நெசவாளர் பார்க்க முடியாத ஏற்பாட்டுக்கு என்ன பெயர் வைப்பது?

இதில் அந்த நிறுவனங்களைத் திட்டி ஒரு பிரயோஜனமும் இல்லை. சோழமண்டலம் கலைஞர்களின் சொந்த முயற்சி, தக்ஷிணசித்ரா லாப நோக்கமில்லாத அறக்கட்டளையுடையது. அவர்கள் பஸ் விட முடியாது. சாலையை நிர்வகிப்பவர்கள், பஸ் விடுபவர்கள், கட்டட அனுமதி தருபவர்கள் எல்லாரும் அரசுதான். அந்த அரசு ஈசிஆரில் என்ன செய்துகொண்டிருக்கிறது? திருவான்மியூரிலிருந்து அக்கரை வரை சாலையை ஆறு வழியாக அகலமாக்குகிறது. முட்டுக்காட்டில் ஐயாயிரம் பேர் உட்காரும் மாநாட்டுக் கூடத்தோடு கலைஞர் பன்னாட்டு அரங்கத்தைக் கட்டுகிறது. இரண்டும் நல்லதே என்று வைத்துக்கொள்வோம். ஆறு வழிச் சாலையில் எதிர்ப்பக்க பஸ் ஸ்டாப்பில் இறங்கிய ஒரு அம்மா, பையன் கையைப் பிடித்துக்கொண்டு எப்படி இந்தப் பக்கம் வருவார் என்று யாராவது வரைந்து காட்டினார்களா? கார் எங்கே திரும்பும் என்று மட்டும் அம்புக்குறி போட்டு வரைந்திருப்பார்கள், பந்தயம் கட்டுகிறேன்.

*

எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று தெரியும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம், ஓடி ஒளிய வேண்டாம்.

"வயசானவங்க, நடக்க முடியாதவங்க என்ன பண்ணுவாங்க?" சரியான கேள்வி. அவர்களுக்கு வாசலை ஒட்டி இடம் ஒதுக்க வேண்டும், இலவசமாகவே கொடுக்க வேண்டும். பள்ளி வேன், பஸ் நிற்கவும் இடம் வேண்டும். இதில் தகராறே இல்லை. ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பலர் நன்றாக நடக்கக்கூடியவர்கள். பாட்டியை முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னால் தங்கள் எஸ்யூவியை உள்ளே விடுகிறார்கள். வாசலை ஒட்டிய இடம் முழுக்க எல்லாருக்கும் திறந்துவிட்டால், சக்கர நாற்காலியோடு வரும் குடும்பத்துக்குக் கடைசி வரிசைதான் கிடைக்கும்.

"பஸ் இல்லையே, அதனாலதான் காரில் வர்றோம்." இதுவும் உண்மை. ஆனால் இந்த உண்மை ஒரு செக்குமாடு. பஸ் இல்லாததால் கார், கார் வருவதால் பார்க்கிங், பார்க்கிங் இருப்பதால் பஸ் கேட்க ஆள் இல்லை. கேட்கும் குரல் உள்ளவர்கள் எல்லாம் காருக்குள் ஏசி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பஸ்ஸில் வர வேண்டியவர்கள் வரவே இல்லை, வராதவர்கள் புகார்ப் பெட்டியில் எழுத மாட்டார்கள். புகார்ப் பெட்டியை நம்பித் திட்டமிட்டால் கார்க்காரர்களின் ஊர்தான் உருவாகும்.

"பைக்கில் வர்றவன் என்ன பாவம் பண்ணான்?" ஒரு பாவமும் பண்ணவில்லை. ஒரு கார் கேட்கும் இடத்தில் ஏழெட்டு பைக் நிற்கும். இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேர் அப்படித்தான் போவீர்கள். நிறுத்துங்கள்.

"காரில் வர்றவங்க காசுதான் மியூசியத்தை நடத்துது." இதுதான் கொஞ்சம் கனமான வாதம். டிக்கெட் எடுப்பவரும், கைவினைப் பொருள் வாங்குபவரும், நன்கொடை தருபவரும் பெரும்பாலும் காரில் வருபவர்களாக இருக்கலாம். அப்படியானால் பார்க்கிங்குக்கும் அவர்கள் காசு கொடுக்கலாமே? மாலில் மணிக்கு இவ்வளவு என்று வாய் பேசாமல் கொடுப்பவர்களுக்கு, அருங்காட்சியக வாசலில் மட்டும் ஏன் உரிமைக்குரல் வருகிறது? அந்தக் காசை ஒரு சிறு பஸ்ஸுக்குத் திருப்பினால் கணக்கு நேராகும்.

வெளியூர் உதாரணமும் இருக்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் டி யங் அருங்காட்சியகம் புதிய கட்டடத்துக்கு வந்தபோது, 1998-ல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, பூங்காவுக்கு அடியில் சுமார் 800 கார் நிற்கும் நிலத்தடிப் பார்க்கிங் கட்டினார்கள். புதிய அருங்காட்சியகம் 2005-ல் திறந்தது. பிறகு 2020 பெருந்தொற்றுக் காலத்தில் பூங்காச் சாலையில் காரை நிறுத்திவிட்டு நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் விட்டார்கள். அதை நிரந்தரமாக்கப் போனபோது அருங்காட்சியகத் தரப்பே எதிர்த்தது. கூட்டம் குறைகிறது, அணுக முடியவில்லை என்றது. 2022 நவம்பரில் மறுபடி வாக்கெடுப்பு. சாலையைக் காருக்குத் திருப்பித் தரும் யோசனையை மக்கள் தோற்கடித்தார்கள். அடியில் எண்ணூறு கார் நிற்க இடம் இருந்தும் மேலே சாலையும் வேண்டும் என்று கேட்கத் தோன்றியது என்பதைக் கவனியுங்கள். பார்க்கிங் பசி அப்படித்தான், போடப் போடக் கேட்கும்.

இன்னொன்று பாரிஸ். இன்று உலகமே செல்ஃபி எடுக்கும் லூவ்ர் கண்ணாடிப் பிரமிடு நிற்கும் முற்றம், அதற்கு முன் நிதி அமைச்சக ஊழியர்கள் கார் நிறுத்தும் இடமாக இருந்தது. 1981-ல் மித்தெரான் லூவ்ரை விரிவாக்க முடிவெடுத்தார். அமைச்சகத்தைக் கிளப்பினார்கள், கார்களைக் கிளப்பினார்கள், 1989-ல் பிரமிடு திறந்தது. லண்டன் சோமர்செட் ஹவுஸ் முற்றமும் வரித்துறைக்காரர்களின் கார் நிறுத்தம்தான், 2000-ல் மக்களுக்குத் திறந்தார்கள். "ஐயோ, அந்த இடத்தில் எவ்வளவு கார் நின்றது தெரியுமா?" என்று இன்று அங்கே யாரும் ஏங்குவதில்லை. அந்த ஊர்களில் மெட்ரோ இருக்கிறது, இங்கே இல்லை என்பீர்கள். அதைத்தான் நானும் சொல்கிறேன். அவர்கள் வாசல் வரை ரயில் விட்டார்கள். நாம் வாசல் வரை கார் விடுகிறோம்.

*

என்ன செய்யலாம்? பெரிய புரட்சி ஒன்றும் வேண்டாம்.

சனி ஞாயிறில் தாம்பரம் ரயில் நிலையத்திலிருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர், அக்கரை, ஈஞ்சம்பாக்கம் போய்த் திரும்பி முட்டுக்காடு வரை ஒரு பஸ், மணிக்கு ஒன்று, நேரம் தவறாமல். சாதாரணக் கட்டண பஸ்ஸாக விட்டால் 2021-லிருந்து நடக்கும் விடியல் பயணத்தில் பெண்களுக்கு டிக்கெட்டே கிடையாது. அரசின் திட்டம் ஏற்கனவே இருக்கிறது, வழித்தடம் மட்டும்தான் பாக்கி. சென்னை ஒன் செயலியில் பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் வந்துவிட்டது. அருங்காட்சியக நுழைவுச்சீட்டையும் அதில் சேர்த்து, பஸ்ஸில் வந்தவருக்கு விலையைக் குறைக்கலாம். இப்போது காரில் வருபவருக்கு மறைமுகமாகக் கொடுக்கும் சலுகையை வெளிப்படையாக பஸ்ஸில் வருபவருக்குக் கொடுப்பது, அவ்வளவுதான்.

கட்டட விதியில் அருங்காட்சியகம், நூலகம், கலைக்கூடம் ஆகியவற்றுக்குக் குறைந்தபட்ச கார் எண்ணிக்கையை எடுத்துவிடலாம். அதற்குப் பதில் பஸ் ஸ்டாப்பிலிருந்து வாசல் வரை நிழலோடு நடைபாதை என்று ஒரு வரி சேர்க்கலாம். விரிவாக்கத்துக்கு அனுமதி கேட்கும்போது, வருபவர்கள் எப்படி வருகிறார்கள் என்று எண்ணிய கணக்கைக் கேட்கலாம்.

கடைசியாக, விரிவாக்கம் என்றாலே இருக்கும் இடத்தில் இன்னொரு கட்டடம் என்று யார் சொன்னது? பல்லாவரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1863 மே மாதம் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வு தொடங்கிய இடம் என்று உலகம் முழுக்கப் பாடப்புத்தகத்தில் இருக்கும் பெயர் அது. ஃபூட் சேகரித்தவை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. பல்லாவரம் இன்று தாம்பரம் மாநகராட்சியின் பகுதி. அந்த ஊர்ப் பிள்ளைகள் தங்கள் ஊர்க் கல்லைப் பார்க்க ரயிலேறிப் போக வேண்டும், போனவர்களும் குறைவு. ரயில் நிலையத்தை ஒட்டி, நடந்துவரும் தூரத்தில், தாம்பரத்திலோ பல்லாவரத்திலோ எழும்பூருக்கு ஒரு கிளை திறக்க எது தடை? அங்கே பார்க்கிங் கிடையாது என்று முதல் நாளே அறிவித்துவிடலாம்.

கலையை மக்கள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோவது நடக்காத காரியமா? 2020-ல் கண்ணகி நகர்ச் சுவர்களில் ஓவியர்கள் பிரம்மாண்டமாக வரைந்து அதைக் கலை மாவட்டம் ஆக்கினார்கள். இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையச் சுவரில் வரைந்தார்கள். சுவர் ஓவியம் வறுமைக்கு மருந்தில்லை, வீட்டின் 200 சதுர அடியை அது ஒரு அடிகூடக் கூட்டவில்லை, அந்த விமர்சனம் வேறு. ஆனால் ரயிலில் தொங்கிக்கொண்டு போகிறவர் தலையைத் திருப்பினால் ஓவியம் தெரிகிறது. அவருக்காக யாரும் 23 சதுர மீட்டர் ஒதுக்க வேண்டியிருக்கவில்லை.

ஆகவே அடுத்த முறை ஒரு அருங்காட்சியகம் விரிவடைகிறது, பார்க்கிங் குறைகிறது என்று யாராவது புலம்பினால் தலையாட்டாதீர்கள். கட்டுவது அரசென்றால் மனு போடுங்கள், தனியார் என்றால் கடிதம் எழுதுங்கள், இரண்டிலும் ஒரே கேள்வி போதும்: தாம்பரம் ஸ்டேஷனில் காலை பத்து மணிக்கு நிற்கும் ஒருவர் உங்கள் வாசலுக்கு எப்படி வருவார்? பதில் இல்லையென்றால் அவர்கள் இன்னும் பொதுமக்களுக்கான இடத்தைக் கட்டத் தொடங்கவில்லை என்று அர்த்தம்.